போன வருஷ வாக்குத்தத்தம் பலிக்கலயே, இந்த வருஷமும் அட்டை எடுக்கணுமா?

28 டிசம்பர் 2024, ராத்திரி 10.40 (ஒரு வாசகி கேட்டது)

அக்கா, போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (வர்ற வருஷத்துக்குன்னு சீட்டு மாதிரி எடுக்குற பைபிள் வசனம்) எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." லேமினேஷன் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சேன். மார்ச்ல வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. ஆகஸ்ட்ல எங்க அப்பா போயிட்டாங்க. அட்டை இன்னும் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. வர்ற 31 மறுபடியும் வரிசைல நின்னு இன்னொண்ணு எடுக்கணுமா? எடுக்கலன்னா விசுவாசம் இல்லாதவன்னு ஆயிருமா? சும்மா "ஜெபிக்கிறேன் சிஸ்டர்"னு மட்டும் யாரும் போட்டுட்டுப் போகாதீங்க.

29 டிசம்பர், காலை 7.15 (இனி என் பதில்)

எடுக்கலன்னா ஒண்ணும் ஆகாது. அட்டை எடுக்கணும்னு வேதத்துல எங்கயும் இல்ல. அது சபைங்க பழக்கிக்கிட்ட ஒரு வழக்கம், நல்ல வழக்கம்தான், ஆனா திருவிருந்தும் இல்ல ஞானஸ்நானமும் இல்ல. கோயிலுக்கு நேரமாச்சு, மீதி வந்து எழுதுறேன்.

29 டிசம்பர், மத்தியானம் 2.30

வந்துட்டேன். சாப்பிட்டு எழுதுறேன், தூக்கக் கலக்கத்துல எங்கயாவது இழுத்துட்டுப் போனா பொறுத்துக்கோங்க.

உன் அட்டைல வந்த வசனத்தோட முழு அதிகாரத்தையும் என்னைக்காவது ஒக்காந்து படிச்சிருக்கியாம்மா? குத்தமா கேக்கல, நம்மள்ல முக்காவாசிப் பேர் படிச்சதில்ல. எரேமியா 29 ஒரு லெட்டர். எருசலேம்ல இருந்து பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு எழுதுனது. ராஜாவும் போயாச்சு, தச்சனும் கொல்லனும் போயாச்சு, எல்லாரும் "எப்ப ஊருக்குத் திரும்புவோம்"னு ஒத்தக் கேள்வியோட ஒக்காந்திருக்காங்க. அந்த நேரத்துல போகுற லெட்டர்ல அஞ்சாவது வசனம் என்ன சொல்லுது தெரியுமா, வீடு கட்டுங்க, குடியிருங்க, தோட்டம் நாட்டுங்க, அதோட கனியைச் சாப்பிடுங்க. கல்யாணம் பண்ணுங்க, பிள்ளை பெறுங்க. நீங்க இருக்குற அந்த அந்நிய ஊர் நல்லாருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க. அப்புறம் பத்தாவது வசனத்துல குண்டு விழுது: 70 வருஷம். அதுக்கு அடுத்த வசனம்தான் நம்ம எல்லாரும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டுறது.

70 வருஷம்னா கேட்டுக்கிட்டிருந்த பெரியவங்க முக்காவாசிப் பேர் திரும்பி ஊரைப் பாக்கவே போறதில்லன்னு அர்த்தம். அவங்களுக்குத்தான் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்"னு எழுதிருக்கு. அந்த வசனம் பொய்யின்னு நான் சொல்லல. அடுத்த டிசம்பருக்குள்ள எல்லாம் சரியாயிரும்னு அது என்னைக்குமே சொன்னதில்லன்னு சொல்றேன்.

இதுக்கு முந்தின அதிகாரம் இன்னும் சுவாரஸ்யம். அனனியான்னு ஒருத்தர், பிடிச்சுட்டுப் போனவங்க எல்லாரும் ரெண்டே வருஷத்துல திரும்பிருவாங்கன்னு தேவாலயத்துல வச்சு எல்லார் முன்னாடியும் சொல்றாரு. எரேமியா கழுத்துல கிடந்த நுகத்தை வாங்கி ஒடச்சே போடுறாரு. கூட்டம் கைதட்டிருக்கும்னு நெனக்கிறேன். எரேமியா முதல்ல "ஆமென், அப்படியே ஆகட்டும்"னு சொல்லிட்டுதான் போறாரு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவருக்கும் அது நடக்கணும்னு ஆசை இருந்திருக்கு. ஆனா நடக்கல. அனனியா அந்த வருஷமே செத்துப்போனார்.

இப்ப நம்ம ஊர்ல ஒவ்வொரு ஜனவரிக்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கிறாங்களே, "இது இரட்டிப்பான ஆசீர்வாதத்தின் வருஷம்"னு, அதெல்லாம் யாரு கட்சின்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

29 டிசம்பர், சாயங்காலம்

மேல கடைசி வரி கொஞ்சம் காட்டமா இருக்குன்னு ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டிருக்காரு. இருக்கட்டும், எடுக்கப் போறதில்ல. "காத்திருக்கிற வருஷம்"னு ஒரு ஃப்ளெக்ஸ் யாராவது வைக்கட்டும், முதல் ஆளா நின்னு ஃபோட்டோ எடுத்துக்குறேன்.

30 டிசம்பர், காலை

நேத்து ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன், அதிகாரத்தைப் படி வசனத்தைப் படின்னு நான் பாடம் எடுத்துட்டேன், அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அதுவா வேணும்? அதனால எங்க வீட்டு விஷயத்தைச் சொல்றேன்.

எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அம்மா அவங்க கல்யாணமான காலத்துல இருந்து வந்த வாக்குத்தத்த அட்டை அத்தனையும் பழைய பைபிளுக்குள்ள வச்சிருப்பாங்க. அட்டைன்னா இப்ப வர்ற மாதிரி சூரிய உதயம், ரோஜாப்பூ எல்லாம் கிடையாது, அப்பல்லாம் கலர் சார்ட்டை வெட்டி கோயில் உபதேசியார் கையால எழுதுனது. அம்மாவுக்கு ஒரு பழக்கம். 31ம் தேதி ராத்திரி கோயிலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, அந்த வருஷ அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கம் அந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு எழுதிருவாங்க. அதுக்கப்புறம்தான் புது அட்டை.

என்ன எழுதிருப்பாங்கன்னு நெனக்கிறீங்க? சாட்சி, ஸ்தோத்திரம் எல்லாம் இருக்கும்னு நானும் நெனச்சேன். ஒண்ணும் கிடையாது. "கிணறு வத்திச்சு. செவலை கன்னு போட்டது. கொழுந்தனார் இறந்தார். சின்னவளுக்கு மஞ்சக்காமாலை, சரியாச்சு. கூரை ஓட்டுக்கு 300 ரூபா கடன்." அவ்வளவுதான். முன்பக்கம் "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை"ன்னு இருக்கும், பின்பக்கம் கொழுந்தனார் இறந்தார்னு இருக்கும். ரெண்டையும் ஒண்ணா இணைச்சு ஒரு வார்த்தை கூட எழுதிருக்க மாட்டாங்க.

காலேஜ் படிக்கிற திமிர்ல ஒரு தடவை கேட்டேன், ஏம்மா இந்த வருஷம் வசனத்துக்கும் நடந்ததுக்கும் சம்பந்தமே இல்லயே, டேலி ஆகலயேன்னு. "ஏட்டி, ஆண்டவர் ஒனக்கு வந்து கணக்கா ஒப்பிக்கணும்? நடந்ததை நான் எழுதுறேன். அவரு சொன்னதை அவரு பாத்துக்கிடுவாரு"ன்னாங்க. அப்ப எரிச்சலாத்தான் வந்துச்சு. இப்ப அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே பதில்.

அதனால நான் சொல்றது, 31ம் தேதி வரிசைல நிக்கிறதும் நிக்காததும் உன் இஷ்டம். அதுக்கு முன்னாடி அந்த ஃப்ரிட்ஜ் அட்டையைக் கழட்டி, பின்னால எழுதும்மா. மார்ச்ல வேலை போச்சு. ஆகஸ்ட்ல அப்பா போயிட்டாங்க. இன்னும் என்னென்ன உண்டோ எல்லாம், நல்லதும் சேத்துதான். லேமினேஷன் மேல பேனா ஓடாது, பின்னால ஒரு தாளை ஒட்டிக்கோ.

30 டிசம்பர், மத்தியானம்

"அப்ப நன்றி சொல்ல வேணாமா, எல்லாவற்றிலும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்னு பவுல் சொல்லிருக்காரே"ன்னு ஒருத்தர் கேக்குறாரு. சொல்லுங்க, யார் வேணாம்னா. ஆனா நடந்ததை நடந்ததுன்னு ஒத்துக்காம சொல்ற ஸ்தோத்திரம் பாதி ஸ்தோத்திரம்தான். சங்கீதப் புத்தகத்துல பாதி அழுகைதான், அதைத் தூக்கிட்டா மீதி ரொம்ப மெலிஞ்சுபோகும்.

30 டிசம்பர், ராத்திரி

வேற ஒருத்தர் எழுதிருக்காரு, இந்த 31 ராத்திரி ஆராதனையே அமெரிக்கால அடிமைகள் விடுதலைக்காகக் காத்திருந்ததுல இருந்து வந்ததுதான்னு. அது பெரிய சம்பவம், 1862 டிசம்பர் 31 ராத்திரி கறுப்பின மக்கள் கோயில்கள்ல கூடி விடியலுக்காகக் காத்திருந்தாங்க, மறுநாள் 1863 ஜனவரி 1 லிங்கனோட விடுதலைப் பிரகடனம். ஆனா ஆரம்பம் அது இல்ல. ஜெர்மனில ஹெர்ன்ஹூட்னு ஒரு ஊர், மொரேவியன் சபைக்காரங்க, அவங்க 1733லயே வருஷக் கடைசி ராத்திரி முழிச்சிருந்து ஆராதிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் 1740கள்ல, இங்கிலாந்துல மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட ஆளுங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க, அங்க கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க ராத்திரி சாராயக்கடைல கெடந்ததுக்குப் பதிலா ஜெபத்துல முழிச்சிருந்தாங்க.

அதே மொரேவியன்காரங்கதான் தினம் ஒரு வசனம்ங்குற வழக்கத்தையும் ஊண்டினவங்க. 1728 மே 3 அன்னைக்கு அவங்க தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளைக்குன்னு ஒரு வசனத்தைக் கொடுத்தாரு, 1731ல இருந்து வருஷத்துக்கு ஒரு புத்தகமா அச்சாகுது, இன்னைக்கும் ஹெர்ன்ஹூட்ல சீட்டுப் போட்டுத்தான் பழைய ஏற்பாட்டு வசனத்தை எடுக்குறாங்க. நம்ம தட்டுல கைவிட்டு எடுக்குற அட்டைக்கும் இதுக்கும் நேரடிச் சொந்தம் உண்டான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா அவங்க 1760ல நம்ம தரங்கம்பாடிக்கே வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்தவங்க. அங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, சபை முழுசுக்கும் அன்னைக்கு ஒரே வசனம். எனக்கு ஒண்ணு, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒண்ணுன்னு கிடையாது. நம்ம ஊர்ல அது தனித்தனி அட்டையானதும்தான் ராசிபலன் வாசிக்கிற மாதிரி ஆயிருச்சு, ஒனக்கு என்ன வந்துச்சு, எனக்கு நல்லதா வரலயேன்னு.

எங்க பெரியம்மா ஒருத்தங்க, வந்த அட்டை பிடிக்கலன்னா உள்ள போட்டுட்டு வேற எடுப்பாங்க. ஐயர் (எங்க சபைல போதகரை அப்படித்தான் சொல்வோம்) பாத்தும் பாக்காத மாதிரி நிப்பாரு.

31 டிசம்பர், காலை

நகைச்சுவைக்கு ஒண்ணு. அந்த வசனப் பெட்டிக்குள்ள என்னைக்காவது "அக்கினிப்பொறிகள் மேலே பறக்கிறதுபோல, மனுஷன் வருத்தம் அநுபவிக்கப் பிறந்திருக்கிறான்" வந்திருக்கா யாருக்காச்சும்? யோபு 5:7. வராது. "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" அதுவும் இயேசு கொடுத்த வாக்குத்தத்தம்தானே, வரவே வராது. "ஆனாலும் திடன்கொள்ளுங்கள்" மட்டும் தனியா வரும், அதுக்கு முன்னால ஒரு கத்தரிக்கோல் வேலை நடந்திருக்கும்.

ஆபகூக் புத்தகத்தோட கடைசியும் அப்படித்தான். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" அட்டைல உண்டு. அதுக்கு முந்தி அத்திமரம் துளிர்க்கல, திராட்சை பழுக்கல, வயல் விளையல, தொழுவத்துல மாடு இல்லன்னு ஒரு பெரிய பட்டியலே இருக்கு. எங்க அம்மா அட்டைக்குப் பின்பக்கம் எழுதுன பட்டியல்தான் அது.

31 டிசம்பர், சாயங்காலம் 6 மணி

பஸ்ல இருந்து எழுதுறேன், ஊருக்குப் போறேன். வழியெல்லாம் போன தடவை ஞாபகம்தான்.

வெளியூர்க்காரங்களுக்கு: 2023 டிசம்பர் 17, 18 எங்க பக்கம் பேஞ்ச மழை. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர், சென்னைல வருஷம் பூரா பெய்றதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு ஒரே நாள்ல. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல சிக்கி 800 பேர் கிட்ட கிடந்தாங்களே, பக்கத்து ஊர் புதுக்குடிக்காரங்க தங்களுக்கே வழியில்லாத நேரத்துல சமைச்சுக் கொண்டுபோய்ப் போட்டாங்க, டிவில பாத்திருப்பீங்க. எங்க வீட்டுக்குள்ள ஜன்னல் உயரத்துக்குத் தண்ணி. பீரோ, மெத்தை, அப்பா ஃபோட்டோ, நெல்லு மூட்டை எல்லாம் போச்சு. அம்மாவோட பைபிள் பரண்ல இருந்ததால தப்பிச்சுச்சு, ஆனா பரண்லயும் ஈரம் ஏறி அட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சு வெயில்ல காயப்போட்டோம். மை பேனால எழுதுன வருஷங்கள் எல்லாம் நீலமா கரைஞ்சு போச்சு. பால்பாயின்ட் வந்ததுக்கப்புறம் உள்ள வருஷங்கள் அப்படியே இருக்கு.

அந்த 31 ராத்திரி கோயில்ல தரையெல்லாம் சேறு, பாய் இல்ல, நின்னுக்கிட்டேதான் இருந்தோம். வழக்கமா 11 மணிக்கு ஆரம்பிச்சு, வருஷத்துல இறந்தவங்க பேரை வாசிச்சு, 12க்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது முழங்கால்ல நின்னு சத்தமில்லாம ஜெபம், அப்புறம் மணி அடிப்பாங்க. அன்னைக்கு முழங்கால் போட இடமில்ல. அட்டையும் இல்ல, அச்சடிச்சு வச்சிருந்த கட்டு முழுக்க நனைஞ்சு போச்சு. ஐயர் சங்கீதம் 90 வாசிச்சாரு, "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்." எல்லாருக்கும் இந்த வருஷம் இதுதான்னாரு. கேக்கும் இல்ல, கட்டங்காப்பி கொடுத்தாங்க. நான் போன எத்தனையோ 31 ராத்திரில அதுக்கு இணையா ஒண்ணு சொல்லச் சொன்னா தெரியல.

இப்படிச் சொல்றதுனால வெள்ளம் நல்லதுக்குன்னு யாரும் எடுத்துக்காதீங்க. நல்லதுக்கு இல்ல. நிவாரணம் 6000 ரூபாய வச்சு பீரோ கூட வாங்க முடியல. நடந்துச்சு, அவ்வளவுதான். 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அன்னைக்குக் கடற்கரை ஊர்கள்ல 31ம் தேதி கோயிலுக்கு வந்தவங்க என்ன மனசோட வந்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க. ஆனாலும் வந்தாங்க.

1 ஜனவரி 2025, காலை 11

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. இப்பதான் எந்திரிச்சேன். அட்டை என்ன வந்துச்சுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதிருக்கு: அட்டைக்குப் பின்னால எழுதுச்சாம், எழுதி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை அழுதுச்சாம். வரிசைல நிக்கலயாம். மக போய் அம்மாவுக்கும் சேத்து ஒண்ணு எடுத்துட்டு வந்துட்டாளாம். இன்னும் திருப்பிப் பாக்கலயாம். அது தப்பான்னு வேற கேக்குது. இல்லம்மா. பிள்ளை கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி வச்சிருக்க, போதும்.

2 ஜனவரி

கத்தோலிக்க நண்பர் ஒருத்தர்: "எங்களுக்கு ஜனவரி 1 மரியா இறைவனின் தாய் பெருவிழா, 31 சாயங்காலம் நன்றி வழிபாடு, தெ தேயும்ங்குற நன்றிப்பாட்டு பாடுவோம், இந்த அட்டைக் குழப்பமெல்லாம் இல்ல." சந்தோஷம். அந்தோணியார் கோயில்ல சீட்டு எழுதிப் போடுறதைப் பத்தி இன்னொரு நாள் பேசுவோம் அண்ணாச்சி.

5 ஜனவரி, ஞாயிறு மத்தியானம்

இன்னைக்கு உடன்படிக்கை ஆராதனை. வருஷத்தோட முதல் ஞாயிறு, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனை முறைல உண்டு, எல்லாச் சபையும் நடத்துறதில்ல. 1947ல பல சபைங்க சேந்து சிஎஸ்ஐ ஆனப்ப, வெஸ்லி வழி வந்த மெதடிஸ்ட்காரங்க கொண்டுவந்த சொத்து. வெஸ்லி முதன்முதல்ல இதை நடத்துனது 1755 ஆகஸ்ட், லண்டன்ல. சின்ன வயசுல ஊர்ல நான் இதைப் பாத்ததில்ல, சென்னைக்கு வந்தப்புறம்தான் தெரியும்.

அதுல ஒரு ஜெபம் வரும், என் வார்த்தைல சொல்றேன்: நான் இனி எனக்குச் சொந்தமில்ல, உமக்குத்தான். உமக்கு இஷ்டமான வேலைல வையும், இஷ்டமானவங்களோட சேத்து வையும். வேலை கொடுத்து வச்சாலும் சரி, ஓரமா ஒதுக்கி வச்சாலும் சரி. நிறைச்சாலும் சரி, வெறுமையாக்குனாலும் சரி. எல்லாம் இருந்தாலும் சரி, ஒண்ணுமே இல்லன்னாலும் சரி.

வாக்குத்தத்த அட்டைல ஆண்டவர் நமக்கு என்ன தருவார்னு இருக்கும். இதுல நாம அவருக்கு என்ன ஒத்துக்குறோம்னு இருக்கு. 31ம் தேதி நிக்க இடமில்லாத கோயில்ல இன்னைக்குப் பாதி பெஞ்சு காலி, எதுக்கு ஆள் வரும் எதுக்கு வராதுன்னு தெரியுது. எனக்கும் "வெறுமையாக்குனாலும் சரி"ன்னு வர்ற இடத்துல வாய் லேசா மூடிக்கும். இன்னைக்கும் முழுசாச் சொன்னேனான்னு தெரியல. சத்தம் மட்டும் வந்துச்சு.

5 ஜனவரி, ராத்திரி

"வேலை போனவன்கிட்டப் போய் ஓரமா ஒதுக்கி வச்சாலும் சரின்னு ஜெபிக்கச் சொல்றது கொடுமை, ஏத்துக்கோன்னு சொல்றது முதலாளிக்குத்தான் வசதி"ன்னு ஒரு தம்பி கொதிச்சிருக்காரு. நியாயமான கோவம். ஏத்துக்குறதுன்னா வேலையை விட்டுத் தூக்குனவனுக்கு ஆமா சாமி போடுறது இல்ல. வர வேண்டிய செட்டில்மென்ட்டைச் சண்டை போட்டு வாங்கணும், பிஎஃப்புக்கு அலையணும், லேபர் கோர்ட் போகணும்னா போகணும். எங்க ஊர்ல வெள்ள நிவாரணப் பட்டியல்ல விட்டுப்போன பேருக்காக எங்க அம்மாவே தாலுகா ஆபீஸ் வாசல்ல போய் நின்னாங்க. பாபிலோன்ல தோட்டம் போடச் சொன்னவரு, பாபிலோன் செஞ்சது சரின்னு சொல்லலயே. அதே எரேமியா புத்தகக் கடைசில பாபிலோனுக்குக் கிடைக்கிற ஏச்சைப் படிச்சுப் பாருங்க.

தானியேல் புத்தகத்துல, சிலையைக் கும்பிடலன்னா நெருப்புல போடுவேன்னு மிரட்டுன ராஜாகிட்ட மூணு பேர் சொல்ற பதிலும் எனக்கு அதுக்குத்தான் பிடிக்கும். எங்க தேவன் விடுவிப்பார், "விடுவிக்காமற்போனாலும்" உன் சிலையைக் கும்பிட மாட்டோம். விடுதலை கிடைக்கலன்னாலும் ஆண்டவரை விட மாட்டாங்க, ராஜாவுக்கும் வளைய மாட்டாங்க.

11 ஜனவரி

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கணும், ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல. அட்டையை ஃப்ரேம் போட்டு விக்கிற ஒரு லிங்க்கை இங்க யாரோ போட்டிருந்தாங்க, தூக்கிட்டேன்.

14 ஏப்ரல் 2025

இழை எங்கயோ கீழ போயிருச்சு, தேடி எடுத்துட்டு வந்தேன். இன்னைக்குச் சித்திரை 1, விசுவாவசு வருஷம். பக்கத்து வீட்டு மாமி வேப்பம்பூ பச்சடி கொண்டுவந்து தந்தாங்க, மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, கொஞ்சம் மிளகாய். லெந்து நாள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்), பரிசுத்த வாரத்துத் திங்கக்கிழமை வேற, வீட்ல இனிப்பு தொடுறதில்ல. சாப்பிடலாமா கூடாதான்னு வீட்டுக்காரரோட ஒரு விவாதம். கசப்பு இருக்கே, லெந்துக்குப் பொருத்தம்தான்னு நான் சாப்பிட்டேன். அவர் வெல்லத்தைக் காரணம் சொல்லி ஒதுங்கிட்டாரு.

மாமி வீட்ல சாயங்காலம் பஞ்சாங்கம் வாசிப்பாங்க, மழை எவ்வளவு, எந்த ராசிக்கு வரவு எத்தனை, செலவு எத்தனை. வரவை விட செலவு ஜாஸ்தியா இருந்தா மாமி என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "என்ன பண்றது, வருஷா வருஷம் அப்படித்தான் வாசிக்கிறா, கேட்டுண்டு பானகம் குடிச்சிட்டு ஆத்துக்கு வந்துருவோம்"னாங்க. மாமிக்கும் எங்க அம்மாவுக்கும் நல்லா ஒத்துப்போகும்.

16 ஏப்ரல்

தங்கச்சி திரும்ப வந்திருக்கு. வீட்டுக்காரருக்கு ஓசூர்ல வேலை, கான்ட்ராக்ட்தான், சம்பளம் முன்னால வாங்குனதை விடக் கம்மி. ஈஸ்டர் அன்னைக்குச் சபைல இதைச் சாட்சியாச் சொல்லலாமா, இல்ல பெர்மனென்ட் ஆகட்டும்னு இருக்கலாமான்னு கேக்குது. அந்த ஜனவரி அட்டையை இன்னும் திருப்பலயாம், பிடிவாதக்காரி.

சொல்லணும்னு தோணுனா சொல்லும்மா. சம்பளம் கம்மின்னும் சேத்துச் சொல்லு, கான்ட்ராக்ட்னும் சொல்லு, அப்பா இதைப் பாக்க இல்லன்னும் சொல்லு. சாட்சின்னா ஜெயிச்ச கதையாத்தான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. அப்புறம் ஓசூர்ல வீடு பாக்கும்போது கோடைல போர்ல தண்ணி வருதான்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சுக்கோ, அட்வான்ஸ் பத்து மாசம் கேப்பாங்க, அஞ்சுல நில்லு.